தமிழ்க் கூட்டங்களைப் பதிவு செய்து எழுத்தாக்க: மென்பொருள் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளருக்கும், முன்னாள் மாணவர் அமைப்பின் பொறுப்பாளருக்கும், சிறு நிறுவனத்தின் அலுவலக உதவியாளருக்கும் இணையவழிக் கூட்டம் முடிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. யார் என்ன சொன்னார், எந்தத் தொகைக்கு ஒப்புதல் கிடைத்தது, எந்தப் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதையெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். கூட்டத்தில் பேசிக்கொண்டே குறிப்பும் எடுப்பது கடினம் என்பதால், பேச்சைப் பதிவு செய்து தானாகவே எழுத்தாக்கித் தரும் மென்பொருளைப் பலரும் தேடுகிறார்கள். தேடியவுடன் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டங்களுக்காக உருவாக்கப்பட்டவை. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் குழு ஒன்று அவற்றின் விளம்பரத்தை மட்டும் பார்த்து ஆண்டுச் சந்தா கட்டினால், அந்தப் பணம் வீணாகவே வாய்ப்பு அதிகம்.

இதற்கு முன் இத்தகைய மென்பொருளைத் தொட்டிராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பதிவு செய்வது ஒரு வேலை, எழுத்தாக்குவது வேறொரு வேலை, தமிழில் கூட்டம் நடத்துபவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகக் கருவி தேர்ந்தெடுப்பதே நல்லது. தெளிவான ஒலிப்பதிவு கையில் இருந்தால், இன்று பயன்படுத்தும் எழுத்தாக்கி திருப்தியளிக்காவிட்டாலும், நாளை வரும் மேம்பட்ட ஒன்றிடம் அதே கோப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒலிப்பதிவே கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் அதிலிருந்து பேச்சை மீட்க முடியாது.

தேவையை முதலில் தாளில் எழுதுங்கள்

மென்பொருளின் பெயர்களைத் தேடுவதற்கு முன், கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானங்களும் பொறுப்புகளும் மட்டும் கொண்ட ஒரு பக்கக் குறிப்பு போதுமா, பேசிய ஒவ்வொரு சொல்லும் வேண்டுமா, கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் பார்ப்பதற்குக் காணொளியும் வேண்டுமா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மினிட்ஸ் மட்டும் போதுமென்றால் காணொளி தேவையில்லை. ஒலி மட்டும் இருந்தால் போதும், எழுத்தாக்கத்தில் சில பிழைகள் இருந்தாலும் மனிதர் ஒருவர் ஒலியைக் கேட்டுத் திருத்திவிடலாம். ஆய்வுக்காக நேர்காணல் எடுப்பவருக்கோ, ஒழுங்கு நடவடிக்கை தொடர்பான விசாரணையைப் பதிவு செய்பவருக்கோ சொல்லுக்குச் சொல் வேண்டும். யார் பேசினார் என்பதும் ஐயமின்றித் தெரிய வேண்டும்.

அத்துடன் இன்னும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வழக்கமாக எத்தனை பேர் பேசுவார்கள்? அவர்கள் கணினியில் இருந்து சேர்கிறார்களா, கைபேசியில் இருந்தா? பேச்சில் சம்பளம், உடல்நலம், குடும்பப் பிரச்சினை போன்ற அந்தரங்கமான செய்திகள் வருமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், ஒலியை வெளியிலுள்ள நிறுவனத்தின் சேவைக்கு அனுப்பும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பதிவு செய்யும் கருவி

நீங்கள் ஏற்கெனவே கூட்டம் நடத்தும் தளத்திலேயே பதிவு வசதி இருக்கிறதா என்று பார்ப்பது முதற்படி. இந்த விஷயத்தில் சிறு அமைப்புகளுக்கு மிகவும் கைகொடுப்பது ஜூம். அதன் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்துவிடும் என்றாலும், கணினியில் இருந்து நடத்தும்போது அந்தக் கணினியிலேயே பதிவைச் சேமித்துக்கொள்ளும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. கூட்டம் முடிந்ததும் காணொளி ஒரு கோப்பாகவும், ஒலி மட்டும் மற்றொரு கோப்பாகவும், கூட்டத்தின் தேதியிட்ட கோப்புறை ஒன்றில் வந்து சேரும். எழுத்தாக்கத்துக்கு அந்த ஒலிக் கோப்பே போதுமானது. கூட்டம் முடிந்த பிறகு ஜூம் சிறிது நேரம் கோப்பை மாற்றிக்கொண்டிருக்கும். அப்போது மடிக்கணினியை மூடிவிடாதீர்கள். தவறி மூடிவிட்டாலும், அதே கோப்புறையில் இருக்கும் மாற்றப்படாத கோப்பை இருமுறை சொடுக்கினால் மாற்றம் பெரும்பாலும் மீண்டும் தொடங்கும்.

ஜூம் மென்பொருளின் அமைப்புகளில் பதிவு என்ற பகுதிக்குள், பேசுகிற ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனி ஒலிக் கோப்பாகச் சேமிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். புதியவர்கள் பலர் அதைக் கவனிப்பதேயில்லை. அதைக் கட்டாயம் இயக்கி வையுங்கள். நம் கூட்டங்களில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுவது வழக்கம். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் எந்த எழுத்தாக்கியும் தடுமாறும். தனிக் கோப்புகள் இருந்தால், குழப்பமான இடத்தில் உரியவரின் கோப்பை மட்டும் கேட்டு, அவர் சொன்னதை உறுதி செய்துகொள்ளலாம். ஒரே இலவச வசதியைச் சுட்டிக்காட்டி ஜூமைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேரும் கூட்டம் 60 நிமிடங்கள் வரை நடக்கும். ஆனால் பதிவு செய்யும் பொத்தான் கட்டணக் கணக்குகள் சிலவற்றில்தான் இருக்கும். அலுவலகமோ கல்லூரியோ அத்தகைய கணக்கு கொடுத்திருந்தால், பதிவு கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் கூகுள் டிரைவுக்குச் சென்று சேரும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பதிவுகள் நிறுவனத்தின் ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்ட் சேமிப்பகத்துக்குப் போகும். நிர்வாகி மாற்றாத வரை 120 நாட்களில் தாமாகவே காலாவதியாகும். ஆண்டிறுதித் தணிக்கைக்குப் பதிவு வேண்டியிருக்கும் அமைப்புகள் இந்தக் கெடுவை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திறமூல மென்பொருளை, அதாவது மூலநிரலை எவரும் பார்க்கக்கூடிய மென்பொருளை, விரும்புபவர்களுக்கு ஜிட்சி மீட் இருக்கிறது. அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் மட்டும் ஒரு கணக்கின் வழியாக உள்நுழைய வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்கள் இணைப்பைச் சொடுக்கினாலே போதும். சொந்தச் சேவையகம் (சர்வர்) வைத்திருப்பவர்கள் தம்மிடமே நிறுவிக்கொண்டால், ஒலி வெளியாரிடம் செல்வதைத் தவிர்க்கலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அமைப்பில் இல்லையென்றால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தளத்தில் பதிவு வசதி இல்லாதபோதும், வேறொருவர் நடத்தும் கூட்டத்தில் அவருடைய அனுமதியுடன் பதிவு செய்ய வேண்டியிருக்கும்போதும் உதவுவது ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவசத் திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. எந்தத் தளத்தில் கூட்டம் நடந்தாலும் கணினியில் கேட்கும் ஒலியையும் உங்கள் மைக்கின் ஒலியையும் பதிவு செய்யும். அதில் ஒலியை 6 தடங்கள் வரை பிரித்துச் சேமிக்கலாம். மற்றவர்களின் குரலை ஒரு தடத்திலும் உங்கள் குரலை மற்றொரு தடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எம்.கே.வி. என்பதை வையுங்கள், வழக்கமான எம்.பி.4 வடிவத்தில் பதிவாகும்போது இடையில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் முழுக் கோப்பும் திறக்க முடியாமல் போகக்கூடும், எம்.கே.வி. வடிவத்திலோ அதுவரை பதிவானது பிழைத்துக்கொள்ளும். பிறகு ஓபிஎஸ் மென்பொருளுக்குள்ளேயே அதை எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மினிட்ஸுக்கு ஒலி மட்டும் போதுமென்பதால் பதிவாகும் காணொளியின் அளவை (ரெசல்யூஷன்) குறைத்து வைத்தால் கோப்பும் சிறிதாக இருக்கும்.

கைபேசியில் கூட்டத்தில் சேர்ந்து, அதே கைபேசியின் திரைப்பதிவு வசதியால் பதிவு செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு அமைப்பு, பாட்டு, காணொளி, விளையாட்டு போன்றவற்றின் ஒலியை மட்டுமே பிற செயலிகள் பிடிக்க அனுமதிக்கிறது. அழைப்பாக வரும் குரலை அனுமதிப்பதில்லை. அதனால் ஒரு மணி நேரக் கூட்டத்தைப் பதிவு செய்த பிறகு, திரையில் உதடுகள் அசைய, எதிர்முனைக் குரல் எதுவும் இல்லாத காணொளி கிடைக்கலாம். பதிவு செய்யும் பொறுப்பைக் கணினியில் இருந்து சேரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

ஒலியைச் சரிசெய்தல்

எழுத்தாக்கத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் மென்பொருளின் பெயரைவிட மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்துக்குப் பங்கு அதிகம். ஒரே அறையில் ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்து, மேலே மின்விசிறி சுழல, கூட்டத்தில் சேர்வதுதான் எழுத்தாக்கத்துக்கு மிக மோசமான ஏற்பாடு. பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் தம் கைபேசியோடு வந்த சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு தனித்தனியே சேர்ந்தாலே எழுத்தாக்கத்தில் வரும் பிழைகள் கண்கூடாகக் குறையும். பேசாதபோது மைக்கை அணைத்து வைப்பது, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் தொடங்குவது, தீர்மானத்தை வாசிக்கும்போது மட்டுமாவது நிதானமாக வாசிப்பது ஆகியவை தலைவர் கேட்டுக்கொண்டால் நடக்கக்கூடியவை. தொகைகளை இருமுறை சொல்லச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

எழுத்தாக்கும் கருவி: மூன்று வகை

கூட்டத் தளங்களுக்குள்ளேயே இருக்கும் எழுத்தாக்கம் முதல் வகை. ஜூமின் கட்டணக் கணக்கிலும், மீட், டீம்ஸ் ஆகியவற்றின் அலுவலகக் கணக்குகளிலும் இது கிடைக்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் கூட்டமென்றால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. தமிழுக்கு இங்கே ஒரு நுணுக்கமான ஏமாற்றம் காத்திருக்கிறது: திரையின் அடியில் ஓடும் நேரலை வசனத்துக்கான (கேப்ஷன்) மொழிப் பட்டியலும், கூட்டம் முடிந்த பிறகு கோப்பாகக் கிடைக்கும் எழுத்தாக்கத்துக்கான மொழிப் பட்டியலும் வேறுவேறாக இருக்கலாம். முதலாவதில் தமிழைப் பார்த்துவிட்டு இரண்டாவதும் கிடைக்கும் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. உங்கள் கணக்கிலேயே இரண்டு பட்டியலையும் திறந்து பாருங்கள். கணக்கின் வகைக்கேற்ப அவை மாறும்.

ஆட்டர், ஃபயர்ஃபிளைஸ் போன்ற இணையச் சேவைகள் இரண்டாம் வகை. இவற்றில் பல, பாட் எனப்படும் தானியங்கிப் பங்கேற்பாளர் ஒன்றை உங்கள் கூட்டத்துக்குள் அனுப்பி, அங்கிருந்தே கேட்டு, தம் சேவையகத்தில் எழுத்தாக்கி, சுருக்கமும் அனுப்புகின்றன. வேலை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் இவற்றில் சில ஆங்கிலத்துக்காகப் பிறந்தவை. மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தாலும் பேச்சுத் தமிழை அவை எவ்வளவு புரிந்துகொள்ளும் என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. நாட்காட்டியை இணைத்துவிட்டால், எல்லாக் கூட்டங்களிலும் பாட் தானாக நுழையும்படி அமைப்பு இயங்கத் தொடங்கலாம் என்பதும் கவனத்துக்குரியது. இரங்கல் கூட்டத்திலும் பணியாளர் ஒருவருடனான தனிப்பட்ட பேச்சிலும் அது வந்து அமர்ந்தால் தலைகுனிய நேரும். கணக்கைத் தொடங்கிய அன்றே, தேர்ந்தெடுத்த கூட்டங்களில் மட்டும் சேரும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள்.

உங்கள் கணினியிலேயே இயங்கும் எழுத்தாக்கிகள் மூன்றாம் வகை. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியை (பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலை) எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிட்டதிலிருந்து இந்த வழி சாதாரணப் பயனர்களுக்கும் திறந்துவிட்டது. 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அந்த மாதிரிக்குத் தமிழும் தெரியும். ஆனால் அந்த ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம் என்பதால், தமிழில் அதன் திறமை ஆங்கிலத்தில் உள்ள அளவுக்கு இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் பஸ் அல்லது சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளையும், மேக் கணினி வைத்திருப்பவர்கள் மேக்விஸ்பரையும் நிறுவிக்கொண்டால், கோப்பைத் திறந்து மொழியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடியும்.

தமிழ்க் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாம் வகையே ஏற்றது என்பது என் முடிவு. சந்தா இல்லை, ஒலி வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, மாதிரியைத் தரவிறக்கிய பிறகு இணையமும் தேவையில்லை. உண்மையிலேயே இணையமின்றி இயங்குகிறதா என்ற ஐயம் இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு சிறு கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். இதன் குறை, நேரம். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பல மணி நேரம் ஆகலாம். தமிழ் எழுத்துகளை இந்த மாதிரி பல துண்டுகளாகப் பிரித்து எழுதுவதால் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நேரம் கூடுதலாகவே பிடிக்கும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்வதுதான் வசதி.

விஸ்பரைப் பயன்படுத்தும்போது புதியவர்களைத் தடுமாற வைக்கும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். அது சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கிறது. ஸ்மால் என்பதில் 24.4 கோடி அளபுருக்களும் (மாதிரி தான் கற்றதைச் சேமித்துவைக்கும் எண்கள்) மீடியம் என்பதில் 76.9 கோடியும் லார்ஜ் என்பதில் 155 கோடியும் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஸ்மால் போதுமானதாக இருக்கலாம்; தமிழுக்கு லார்ஜ் வகையையே முயன்று பாருங்கள், கணினி தாங்காவிட்டால் மட்டும் மீடியத்துக்கு இறங்குங்கள். லார்ஜ் மாதிரி ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ளது என்பதால் தரவிறக்கும்போது இணையத் தரவைக் கணக்கில் வையுங்கள்.

மொழியைத் தானாகக் கண்டறியும்படி விட்டுவிடாதீர்கள். விஸ்பர் முதல் 30 வினாடிகளைக் கேட்டு மொழியை முடிவு செய்கிறது. நம் கூட்டங்களின் முதல் அரை நிமிடம் எப்படிப் போகும்? “ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்? சார், யூ ஆர் ஆன் மியூட்” என்றுதானே போகும்! உடனே அது ஆங்கிலக் கூட்டம் என்று முடிவுகட்டி, அடுத்து வரும் தமிழையெல்லாம் சிதைத்துவிடும். தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். முடிந்தால் தொடக்கத்து அரட்டையை வெட்டிவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். எழுத்தாக்கு, மொழிபெயர் என்ற இரண்டு தெரிவுகளில் இரண்டாவதைத் தவறுதலாக அழுத்தினால் தமிழ்ப் பேச்சு ஆங்கில உரையாக வெளிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அமைதியான இடங்களில் விஸ்பர் தானாகவே வாக்கியங்களைப் புனைந்து எழுதுவது. ஒரே வரி பலமுறை திரும்ப வரலாம். யாரும் சொல்லாத நன்றியுரைகூட வரலாம். ஜூமின் தனிக் கோப்புகளில் மற்றவர்கள் பேசும் நேரமெல்லாம் அமைதியாக இருக்கும் என்பதால், அவற்றை நேரடியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் அதிகமாகும். ஆகவே எல்லோர் குரலும் சேர்ந்த கோப்பையே எழுத்தாக்கக் கொடுங்கள். தனிக் கோப்புகளை, முன்பு சொன்னதுபோல, ஐயம் வரும் இடத்தில் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல் உள்ள பகுதிகளை மட்டும் வடிகட்டி எடுக்கும் தெரிவு உங்கள் மென்பொருளில் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் இருந்தால், சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வகம் இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கி வெளியிட்டிருக்கும் இண்டிக்கன்ஃபார்மர் மாதிரியையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் அது கிடைக்கிறது. பொத்தானை அழுத்திப் பயன்படுத்தும் அளவுக்கு எளிதானதல்ல என்பதால் புதியவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

உங்கள் ஒலியைக் கொண்டே சோதியுங்கள்

மென்பொருள் நிறுவனங்கள் 90 விழுக்காடு, 95 விழுக்காடு என்று துல்லியம் கூறும்போது, அது எந்த மொழியில், எப்படிப்பட்ட ஒலியில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். மொத்தச் சொற்களில் எத்தனை தவறு என்று கணக்கிடும் சொற்பிழை வீதம் என்ற வழக்கமான அளவுகோல் தமிழுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ‘தீர்மானிக்கப்பட்டிருக்கிறது’ என்ற சொல்லில் ஓரெழுத்து தவறினாலும் முழுச் சொல்லும் பிழையென்று கணக்காகும். படிப்பவருக்கோ பொருள் தெளிவாகப் புரியும். இதற்கு நேர்மாறாக, ஓரெழுத்தில் தீர்மானமே தலைகீழாவதும் உண்டு. ‘வேணும்’ என்று ஒருவர் வேகமாகச் சொன்னதை ‘வேணாம்’ என்று எழுதிவிட்டால், பிழை வீதத்தில் அது ஒரே ஒரு சொல்தான். அதனால் விழுக்காட்டை விட்டுவிட்டு, எந்தப் பிழை உங்கள் வேலைக்குக் கேடு விளைவிக்கும் என்று பாருங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பங்கேற்றவர்களின் அனுமதியுடன் பழைய கூட்டம் ஒன்றிலிருந்து, அல்லது நண்பர்கள் சிலரைச் சேர்த்து நடத்தும் ஒத்திகையிலிருந்து, 10 நிமிட ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஊர்ப் பேச்சு இருக்க வேண்டும். நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் பேசுபவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இருவர் குரலும் இருக்க வேண்டும். ஆட்பெயர்கள், தெருப்பெயர்கள், தேதிகள், இரண்டு மூன்று தொகைகள், “அந்த ஃபைலை அப்லோட் பண்ணிட்டு லிங்க் ஷேர் பண்ணிடுங்க” என்பது போன்ற கலப்பு வாக்கியங்கள், ஒருவர் ஒப்புக்கொள்வது, ஒருவர் மறுப்பது எல்லாம் இடம்பெறட்டும். அந்தப் பத்து நிமிடத்தை முதலில் நீங்களே கேட்டுக் கையால் எழுதிவிடுங்கள். பிறகு பட்டியலில் மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று மென்பொருள்களுக்கும் அதே கோப்பைக் கொடுத்து, வந்த உரைகளை உங்கள் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது பெயர்களையும் எண்களையும், ‘முடியும்’, ‘முடியாது’ போன்ற உடன்பாடு எதிர்மறைச் சொற்களையும் தனியாக வட்டமிட்டுப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறதா, ஆங்கில எழுத்திலா, அல்லது ஒலியை ஒத்த வேறொரு தமிழ்ச் சொல்லாக்கிவிடுகிறதா என்பதையும் கவனியுங்கள். மூன்றாவதுதான் திருத்துபவரைக் களைப்படையச் செய்யும். ‘வந்துட்டாங்க’ என்று பேசியதை அப்படியே எழுதும் மென்பொருளும் உண்டு, ‘வந்துவிட்டார்கள்’ என்று திருத்தி எழுதுவதும் உண்டு. மினிட்ஸ் எழுதுபவருக்குப் பின்னது வசதி. நேர்காணல் எடுத்த ஆய்வாளருக்கு முன்னதுதான் நேர்மையான பதிவு. கடைசியாக, ஒவ்வோர் உரையையும் செம்மைப்படுத்த எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு அதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

உரையோடு நேரக் குறிப்பும் வருகிறதா என்பதைச் சோதனையின்போதே பார்த்துவிட வேண்டும். வரிக்கு வரி நேரம் இருந்தால்தான் ஐயமான இடத்தைச் சொடுக்கி அந்த ஒலியை மட்டும் கேட்டுத் திருத்த முடியும்; சப்டைட்டில் எடிட் இதற்கு மிகவும் வசதியானது. வெளிவரும் உரை யூனிகோடில் இருக்கும் என்பதால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் மினிட்ஸ் தட்டச்சு செய்யும் அலுவலகங்கள் எழுத்துரு மாற்றியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒப்புதலும் சட்டமும்

ஜூம், மீட், டீம்ஸ் ஆகியவற்றின் சொந்தப் பதிவு வசதியை இயக்கினால் பங்கேற்பாளர்களுக்கு அறிவிப்பு போகும். ஓபிஎஸ் போன்ற வெளி மென்பொருளால் பதிவு செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியப்படுத்தும் கடமை முழுவதும் உங்களுடையது. அழைப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள், கூட்டத்தின் தொடக்கத்தில் தலைவர், “மினிட்ஸ் எழுதுவதற்காக இந்தக் கூட்டத்தைப் பதிவு செய்கிறோம், குறிப்பு ஏற்கப்பட்டதும் பதிவை அழித்துவிடுவோம், யாருக்காவது தயக்கம் இருந்தால் சொல்லலாம்” என்று கேட்டு, அந்த ஒப்புதலும் பதிவாகும்படி செய்யுங்கள். வயதில் மூத்தவர்கள் பலர் மறுப்பை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்கள் என்பதால், தனியாகச் செய்தி அனுப்பியும் மறுக்கலாம் என்று சொல்வது நல்லது.

இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. இந்தியாவில் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இலங்கையில் தனிநபர் தரவுகளைக் காப்பதற்காக 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. புலம்பெயர்ந்த உறவுகளும் சேரும் கூட்டமென்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஜெர்மனியில், பொதுவெளியில் அல்லாமல் ஒருவர் பேசிய பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்கீழ் குற்றம், கலிபோர்னியாவில் அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்ய, பேசும் அனைவரின் ஒப்புதலும் தேவை. எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் பெறும் பழக்கம் இருந்தால் இவற்றில் பெரும்பாலான சிக்கல்கள் எழாது.

இணையச் சேவையைத் தேர்ந்தெடுத்தால், அதன் நிபந்தனைகளில் மூன்று செய்திகளைத் தேடிப் படியுங்கள்: ஒலி எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது, அதைத் தம் மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துகிறார்களா, கணக்கை மூடினால் பழைய பதிவுகள் அழிகின்றனவா. இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எதை எதனோடு சேர்ப்பது

ஒரு மடிக்கணினியும் தன்னார்வலர் ஒருவரும் மட்டுமே உள்ள சங்கத்துக்கு, ஜூமின் இலவசப் பதிவையும் பஸ் அல்லது சப்டைட்டில் எடிட் வழியாக இயங்கும் விஸ்பரையும் சேர்த்துப் பயன்படுத்துவது போதும். 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்து மீண்டும் தொடங்கினால் இரண்டு கோப்புறைகள் உருவாகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அலுவலகக் கணக்கு உள்ளவர்கள், ஆங்கிலக் கூட்டங்களுக்கு அந்தத் தளத்தின் எழுத்தாக்கத்தையே வைத்துக்கொண்டு, தமிழ்க் கூட்டங்களின் ஒலியை மட்டும் தரவிறக்கி விஸ்பரிடம் கொடுக்கலாம். மாதம் பல கூட்டங்கள் நடத்தி, அவற்றில் அந்தரங்கம் எதுவும் இல்லாமல், திருத்த ஆளும் இல்லாத அமைப்புக்கு மட்டுமே சந்தா கட்டும் சேவை பொருந்தும். அதையும் சோதனைக்குப் பிறகு, மாதச் சந்தாவில் தொடங்குங்கள்.

எந்த வழியில் எழுத்தாக்கினாலும், மென்பொருள் தரும் சுருக்கத்தை அப்படியே மினிட்ஸில் ஒட்டாதீர்கள். எழுத்தாக்கத்தில் புகுந்த பிழையைச் சுருக்கும் கருவி கண்டுகொள்வதில்லை. தவறான தொகையையும் செம்மையான வாக்கியத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். தீர்மானங்கள் நிறைவேறிய இடங்களின் ஒலியை ஒருவர் கேட்டுச் சரிபார்த்து, தம் பெயரைக் குறிப்பின் கீழே எழுத வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் ஏற்கப்பட்டதும், வாக்குக் கொடுத்தபடி பதிவை அழித்துவிடுங்கள். அது மடிக்கணினியின் கோப்புறையில் மட்டும் இருக்காது. மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தது, கூகுள் டிரைவில் ஏற்றியது என்று பல இடங்களில் இருக்கும். டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் வரை தங்கியிருக்கும் என்பதால் அதையும் காலி செய்து, அழித்த தேதியை மினிட்ஸ் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.